நான் விழுங்கிய பக்கம்

பண்டார் தெங்காராவில் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மிகக் குறைவு. மளிகைக் கடைக்காரர், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, பள்ளி வேன் ஓட்டுபவர் என்று எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். கடைவீட்டு மாடியில் இருந்த பாலர் பள்ளியில் அம்மா சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். டீச்சரிடம் கொஞ்ச நாள் விட்டால் எந்தப் பிள்ளையும் படித்துவிடும் என்று எங்கள் ஊர்த் தமிழர்கள் நம்பினார்கள். சுற்றியிருந்த செம்பனைத் தோட்டங்களிலிருந்துகூட மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து விட்டுப் போவார்கள்.

அந்த டீச்சரின் மகளான எனக்கு, பள்ளியில் முதலாம் ஆண்டு பாதி முடிந்த பிறகும் படிக்க வரவில்லை.

நானும் அம்மாவின் பாலர் பள்ளியில்தான் இருந்தேன். பாட்டு என்றால் முதல் ஆளாகப் பாடுவேன். கதை சொன்னால் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வேன். எழுத்தைத் தனியாகக் காட்டினால் பெயரும் சொல்லிவிடுவேன். அதனால் எனக்கு வராதது எது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. பெரிய பள்ளிக்குப் போய் எழுத்துகளைச் சேர்த்துப் படிக்கச் சொன்னபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மூன்றாவது எழுத்துக்கு நான் வந்து சேர்வதற்குள் முதல் எழுத்து எங்கோ போயிருக்கும். அதைத் தேடிப் போனால் மூன்றாவது காணாமல் போகும்.

கொம்பு போட்ட எழுத்துகள் இன்னும் மோசம். ‘மே’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் சத்தமோ பின்னால் வருகிறது. ‘கோ’வில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் பாவப்பட்ட ‘க’. முன்னாடி நிற்பதை ஏன் பின்னாடி சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். அம்மா சிரித்துவிட்டார். அதே கேள்வியை அடுத்த வாரம் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை.

பாலர் பள்ளியில் அம்மாவுக்கு ஒரு குரல் உண்டு. ஒரு பிள்ளை தப்பாகப் படித்தால், “பரவால்ல கண்ணு, இன்னொரு தடவ பார்ப்போம்” என்பார். அந்தப் பிள்ளை எத்தனை தடவை தப்பு செய்தாலும் அந்தக் குரல் மாறாது. எனக்கும் முதலில் அதே குரல்தான் கிடைத்தது. சாயங்காலம் விளக்கு போட்டதும் ஹாலில் பாய் விரித்து, புத்தகத்தை நடுவில் வைத்து உட்காருவோம். நாள் போகப் போக அந்தக் குரல் மெலிந்துகொண்டே வந்தது. பிறகு பாயில் ஒரு மர ரூலர் வந்து படுத்துக்கொண்டது. முதலில் அது எழுத்தைத் தொட்டுக் காட்ட மட்டும்தான். அப்புறம் தரையைத் தட்டியது. அப்புறம் என் விரல்மேல் விழத் தொடங்கியது. ஓங்கி அடித்தார் என்று சொன்னால் பொய். ஆனால் எப்போது விழும் என்று தெரியாததால் நான் எழுத்தைப் பார்க்காமல் ரூலரையே பார்த்துக்கொண்டிருப்பேன். ரூலரைப் பார்த்தால் எழுத்து எப்படித் தெரியும்?

அப்பாவுக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட் வேலை. வீட்டில் இருக்கும் நாட்களில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்களையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஒருமுறை, சின்னப் பிள்ளைதானே, மெல்ல வரட்டும் என்று சொல்லிப் பார்த்தார். உங்களுக்கு என்ன தெரியும், நாளைக்கு ஊர் என்னைத்தான் கேட்கும் என்று அம்மா சொல்லிவிட்டார். அப்பா வெளியே போய்க் காரைக் கழுவினார். அந்த மாதம் எங்கள் பழைய கார் அடிக்கடி கழுவப்பட்டது.

ஊர் கேட்கத்தான் செய்தது. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, என் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா ஓடி வந்து, தன் மகன் பேப்பரை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான், எல்லாம் டீச்சர் புண்ணியம் என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைக் குனிந்து பார்த்து, “பாப்பா எப்படி, நல்லா படிக்கிறாளா டீச்சர்?” என்றார். நல்லாப் படிக்கிறாள் என்றார் அம்மா. அதற்குப் பிறகு அவர் விலை பேசாமல் எல்லாவற்றையும் வாங்கினார்.

அந்த வாரம்தான் என் வகுப்பாசிரியை அம்மாவைத் தனியாக அழைத்துப் பேசினார். திங்கட்கிழமை முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லாரும் வாசிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்துக் காட்ட வேண்டும். படிக்க முடியாதவர்கள் குறைநீக்கல் வகுப்புக்குப் போக வேண்டும். அந்த வகுப்பு கேண்டீன் பக்கத்துச் சின்ன அறையில் நடக்கும். ஓய்வு நேரத்தில் பெரிய பிள்ளைகள் அதன் சன்னலில் தொங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களை அந்த வகுப்பின் மலாய்ப் பெயரால் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாது. அது கெட்ட வார்த்தை என்றுதான் நினைத்திருந்தோம்.

வாசிக்க வேண்டிய பக்கம் கொம்பு எழுத்துகளுக்கான பக்கம். மேலே ஒரு சேவல் படம், கீழே நான்கைந்து வரிகள். ஐந்தாம் ஆண்டில் இருந்த அண்ணனுக்கு என் நிலைமை பொறுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் பந்து உதைத்துக்கொண்டே அந்தப் பக்கத்தை எனக்கு வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தான். “சேவல் கூரையில் கூவும். கோழி மேட்டில் மேயும்.” பாட்டுப் போல இருந்தது. ஒரே நாளில் வந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் பாயில் உட்கார்ந்து, விரலை வரியில் ஓட்டியபடி முழுப் பக்கத்தையும் ஒப்பித்தேன். அம்மாவின் முகம் ஒரு கணம் எப்படி ஆனது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். பல வாரமாக மூடியிருந்த சன்னலைத் திறந்ததுபோல இருந்தது. என் தலையைத் தடவினார். பிறகு, டீச்சர் அல்லவா, கடைசி வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்துவிட்டு, “சேவல் கூரையில்” என்று முதலிலிருந்து தொடங்கினேன்.

அன்று அம்மா அடிக்கவில்லை. சோறு போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அதைவிட ரூலர் எவ்வளவோ தேவலை.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா ஆலையில் இருந்தார். அண்ணன் பின்னால் விளையாடிக்கொண்டிருந்தான். அம்மா சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டே, சமையல் முடிந்ததும் வந்து கேட்பேன், எழுத்துக் கூட்டி, பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்று சொல்லி என்னை அறையில் உட்காரவைத்தார். நடுவில் என் சத்தம் நின்றால் உடனே “கேக்கலையே” என்று குரல் வரும். நான் “சே… சே…” என்று சத்தம் போட்டுக்கொண்டு சேவலின் கொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்ச் சத்தம் அடங்கியது. மீன் பொரித்து முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

அந்தப் பக்கம் இல்லாமல் போனால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது அப்போதுதான்.

கிழித்துவிட்டேன். கிழித்த பிறகுதான் அதை எங்கே வைப்பது என்ற கவலை வந்தது. குப்பைத் தொட்டியை அம்மா பார்ப்பார். கட்டிலுக்கு அடியில் பெருக்குவார். சன்னலுக்கு வெளியே போட்டால் அண்ணன் எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பான், அவன் அவ்வளவு நல்லவன். யாரும் தேடாத இடம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. சின்னச் சின்னதாகக் கிழித்து வாயில் போட்டேன். முதலில் சேவலைத் தின்றேன். காகிதம் இனிக்கவும் இல்லை, கசக்கவும் இல்லை. மென்றால் பசைபோல ஆகி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர்ப் போத்தல் பக்கத்தில் இருந்தது. குடித்துக் குடித்து விழுங்கினேன். இடையிடையே “சே… சே…” என்றும் சத்தம் கொடுத்துக்கொண்டேன்.

கடைசி வரியை மென்றுகொண்டிருந்தபோது அம்மா வாசலில் நின்றார்.

“வாயத் தொற.”

நான் திறக்கவில்லை. அம்மா பக்கத்தில் வந்து கன்னத்தை அழுத்தித் திறந்தார். ஈரக் காகிதத்தை விரலால் எடுத்துப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார். நான் அடியை எதிர்பார்த்துக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஆனால் அவர் என் கையைத் தேடவில்லை. புத்தகத்தின் நடுவைப் பிரித்துத் தடவிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தைப் பிடித்திருந்த இரண்டு ஸ்டேப்ளர் ஊசிகளில் ஒன்று அங்கே இல்லை.

“ஊசி எங்க? ஊசியையும் முழுங்கினியா?”

எனக்குத் தெரியவில்லை. காகிதத்தோடு போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். அந்த வீட்டில் தெரியாது என்ற பதிலுக்கு நல்ல பெயர் கிடையாது என்பதால் ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தேன். அம்மா என்னைத் தூக்கிக் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினார். தொண்டைக்குள் விரலை விட்டார். தண்ணீரும் காகிதக் கூழும் வந்தன, ஊசி வரவில்லை. அம்மா தரையில் முழங்காலிட்டு அந்தக் கூழைக் கையால் பிசைந்து பிசைந்து தேடினார். அண்ணன் ஓடி வந்து பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலேயே, தான்தான் வாய்ப்பாடம் சொல்லிக் கொடுத்ததாக அழத் தொடங்கினான். அம்மா அவனை அப்பாவுக்கு போன் போடச் சொன்னார். அம்மாவின் கையெல்லாம் கூழாக இருந்தது.

ஊர்க் கிளினிக் மத்தியானத்தோடு அடைத்துவிட்டது. அப்பா வேலை உடுப்போடு வந்து, அண்ணனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, காரைக் கூலாய் ஊர் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் ஒற்றை ரோடு. கொஞ்ச தூரம் போனதும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எங்களுக்கு முன்னால் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. எதிரில் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. முந்த முடியவில்லை.

அம்மா பின்சீட்டில் என்னை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் மீன் பொரித்த வாசனை அடித்தது. என் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, “வலிக்குதாடா கண்ணு, எங்க வலிக்குது?” என்று கேட்டார். பல வாரமாக எனக்குக் கிடைக்காத அந்தப் பாலர் பள்ளிக் குரல். எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. ஆனால் வலிக்கவில்லை என்று சொன்னால் மடியிலிருந்து இறக்கிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

“வலிக்குது,” என்றேன்.

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கு முன்போ பின்போ அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அப்பா காரை வலது பக்கம் ஒடித்தார். எதிரில் ஒரு வேன் விளக்கை அடித்துக்கொண்டு வந்தது. லோரியின் சக்கரங்கள் சன்னலுக்குப் பக்கத்தில் என் தலையைவிட உயரமாக உருண்டன. அம்மா என் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். எப்படித் தாண்டினோம் என்று நான் பார்க்கவில்லை. தாண்டிய பிறகு அப்பாவின் மூச்சுச் சத்தம் மட்டும் பின்சீட்டு வரை கேட்டது. அம்மா மறுபடியும் வலிக்கிறதா என்றார். நான் மறுபடியும் ஆமாம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் எங்களை இறக்கிவிட்டு, ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் விட்ட காரை எடுத்து ஒதுக்க அப்பா போனார். என்னை எக்ஸ்ரே எடுத்தார்கள். சில்லென்ற பலகையில் நிறுத்தி, மூச்சைப் பிடி, விடு என்றார்கள். பிறகு ஒரு திரைக்குப் பின்னால் கட்டிலில் உட்காரவைத்தார்கள். அம்மா பக்கத்தில் நின்றார். டாக்டர் வரும்வரை என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அவற்றைப் புதிதாகப் பார்ப்பதுபோல.

டாக்டர் ஓர் இளம் மலாய்க்காரப் பெண். படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, ஊசி எதுவும் இல்லை, காகிதம் தானாகப் போய்விடும் என்று சொன்னார் போலிருக்கிறது. ஏனென்றால் அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டார். அந்த ஊசி எங்கே போனது என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

டாக்டர் உடனே போய்விடவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து என் முன்னால் உட்கார்ந்து, மலாயில் என்னிடம் ஏதோ கேட்டார். பள்ளியில் படிக்கும் கொஞ்சம் மலாய்தான் எனக்குத் தெரியும். நான் அம்மாவைப் பார்த்தேன்.

“ஏன் காகிதத்தைத் தின்னேன்னு கேக்கறாங்க,” என்றார் அம்மா.

டாக்டர் எனக்காகக் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. அதனால்தான் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

“அந்தப் பக்கம் இல்லாட்டி அம்மா அடிக்க மாட்டாங்க.”

டாக்டர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார், மொழிபெயர்ப்புக்காக. அங்கே எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. அப்பா இன்னும் வரவில்லை. அம்மா துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டார். டாக்டர் மறுபடியும் மெதுவாகக் கேட்டார். அப்புறம் அம்மா மலாயில் பேசத் தொடங்கினார்.

நான் சொன்னது ஒரே வரி. அம்மா சொன்னது முடிவதாகத் தெரியவில்லை. சொல்லிக்கொண்டே போனார், நடுவில் நின்று மறுபடியும் சொன்னார். என்னைப் பற்றிப் புகார் சொல்கிறார், வாய்ப்பாடமாக ஒப்பித்ததையும் சேர்த்துச் சொல்கிறார் என்று முதலில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதில் எனக்குத் தெரிந்த சொல் ஒன்றுதான் அகப்பட்டது: புக்குல். மணி சொல்லும் பாடத்தில் அது வரும். புக்குல் லாப்பான் என்றால் எட்டு மணி. அந்தச் சொல்லை அம்மா பலமுறை சொன்னார். டாக்டர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு அம்மாவின் முழங்கையைத் தொட்டு, அவரும் கொஞ்ச நேரம் பேசினார்.

திரும்பும்போது லோரி ஏதும் இல்லை. நான் தூங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை அம்மா பாலர் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என்னோடு பள்ளிக்கு வந்தார். நான் படித்துக் காட்ட வேண்டிய முறை வருவதற்கு முன்பே, இவளைக் குறைநீக்கல் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவரே ஆசிரியையிடம் கேட்டார். பசார் மாலாமில் பார்த்த அந்தப் பையனின் அம்மா அலுவலக வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா குரலைத் தாழ்த்தவில்லை. டாக்டரிடம் சொன்னது போதாதென்று இங்கேயும் சொல்கிறாரே என்று எனக்குக் கோபமாக வந்தது.

அந்தச் சின்ன அறையில் இருந்த ஆசிரியை கொம்பை மட்டும் சிவப்புப் பென்சிலில் எழுதுவார். சிவப்பைப் பார்த்தால் வாயைத் திறக்காதே, அடுத்த எழுத்தைப் பார்த்துவிட்டு இரண்டையும் சேர்த்துச் சொல் என்பார். மற்ற சொற்கள் கண்ணில் படாமல் அட்டையில் ஒரு சன்னல் வெட்டிக் கொடுத்தார். மெல்லத்தான் வந்தது. சன்னலில் தொங்கியவர்கள் தொங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வீட்டில் ரூலரைக் காணவில்லை. பாயும் விரிக்கப்படவில்லை. அப்பாவோ அண்ணனோ கொஞ்ச நேரம் என்னோடு உட்காருவார்கள். அந்த நேரம் பார்த்து அம்மா சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவார். முட்டாள்கள் வகுப்பில் சேர்ந்துவிட்டதால் அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். அடுத்த ஆண்டு ஒரு சாயங்காலம், யானையைப் பற்றிய ஒரு பக்கத்தை, இடையில் நான்கு இடத்தில் முட்டி நின்று, அப்பாவுக்குக் கடைசிவரை படித்துக் காட்டினேன். நான் தொடங்கியதும் சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. முடிக்கும்வரை அது திறக்கப்படவில்லை. அம்மா வெளியே வரவும் இல்லை.

நான்காம் ஆண்டில் மலாய் ஆசிரியை, ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வருவதைப் பாடமாக நடத்தினார். கரும்பலகையில் சொற்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் நடித்துக் காட்டினார். ‘புக்குல்’ என்று எழுதி, முதலில் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைத் தொட்டார். பிறகு மேசைமேல் இருந்த ரூலரை எடுத்துத் தன் உள்ளங்கையில் ஒரு அடி அடித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

இப்போது மலாய் எனக்கு நன்றாகவே வரும். வேலையிடத்தில் நாள் முழுக்க அதில்தான் பேசுகிறேன். ஆனால் அன்று அம்மா டாக்டரிடம் சொன்னதில் மீதி எதுவும் என் காதில் தங்கவில்லை. அம்மாவிடம் கேட்டதும் இல்லை. அவர் பேசி முடிக்கும்வரை நான், எத்தனை மணி என்றுதான் சொல்கிறார் என்று நம்பி, அந்த அறையில் கடிகாரம் எங்கே மாட்டியிருக்கிறது என்று சுவர் சுவராகத் தேடிக்கொண்டிருந்தேன்.